பதினோராவது பேச்சு

போன வாரம் ஓசூரில் ஒரு கல்யாண வரவேற்பு. ஓரமாக உட்கார்ந்திருந்த என் முகத்துக்கு நேரே ஒரு பெண் மைக்கை நீட்டி, "பாட்டி, வாழ்த்தி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றாள். உள்ளங்கை வேர்த்துவிட்டது. எனக்குப் பழக்கமான வேர்வைதான் அது. என் கல்யாணத்தன்று வந்தது.

ஐம்பதுகளில், கம்பெனிகள் வராத ஓசூர். சாப்பாடு முடிந்ததும் பந்தலிலேயே பேச்சு வைப்பது அப்போது புது மோஸ்தர். என் தாய்மாமனுக்கு அதில் பைத்தியம். யார் எப்போது பேசுவது என்று தாளில் எழுதிப் பந்தக்காலில் கட்டிவிட்டார். பத்துப் பேர் வாழ்த்துரை, ஆளுக்கு ஐந்து நிமிஷம். பதினோராவதாக, 'நன்றியுரை: மணமகள்'.

"எனக்கு வராது மாமா."

"அஞ்சாவது படிச்சவ, நாலு வரி பேச மாட்டியா? காலம் மாறிப்போச்சு புள்ள."

பத்து நாள் அந்த நாலு வரியை மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மாட்டிடம் நன்றாகவே வந்தது.

மாமா ஒன்றை மறந்துவிட்டார். மாப்பிள்ளை வீடு அஞ்செட்டிப் பக்கம். அவர்களுக்குப் பேச்சு கன்னடம். முதல் பேச்சு முடிந்ததுமே மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, "எங்க ஜனத்துக்கும் ஒரு வாட்டி சொல்லிடுங்க சாமி" என்றார். இரண்டு பாஷையும் தெரிந்த வாத்தியார் ஒருவர் எழுந்தார். தமிழில் ஐந்து நிமிஷம் பேசியது அவர் வாயில் கால் மணியானது. ஒவ்வொரு வேடிக்கைக்கும் முதலில் எங்கள் பக்கம் சிரித்தது; எதற்குச் சிரித்தோம் என்று நாங்கள் மறந்த பிறகு அவர்கள் பக்கம் சிரித்தது.

நான் குனிந்தபடி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு பேர். இன்னும் மூணு பேர். எட்டாவது பேச்சு கன்னடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் அலறியது. அஞ்செட்டிக்கு நாலரை மணிக்கு இருந்த ஒரே பஸ். ஏற வேண்டிய ஜனமெல்லாம் பந்தலுக்குள் இருந்ததால் பஸ்ஸே வந்துவிட்டது.

கண்டக்டர் உள்ளே வந்து கத்தினார்: "வாழ்த்தினது போதும், ஏறுங்கய்யா! இருட்டறதுக்குள்ள காட்டைத் தாண்டணும், ஆனை நிக்கும்!"

மாமா தாளோடு ஓடிவந்தார். "பொண்ணு பேசணும்யா, ரெண்டே நிமிஷம்!"

"பொண்ணு ரெண்டு நிமிஷம், வாத்தியார் அரை மணி. ஆவாது."

இந்த முறை இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அப்பாடா! மாலையும் கழுத்துமாக நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, புருஷன் வீட்டுக்குப் போக இத்தனை அவசரமா என்று எங்கள் ஊர்ப் பெண்கள் வருஷக்கணக்கில் கேலி செய்தார்கள்.

தேன்கனிக்கோட்டை தாண்டியதும், பஸ்ஸில் மாலையோடு பக்கத்தில் இருந்தவர் மெல்லக் கேட்டார். "என்ன பேச இருந்தே?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நாலு வரியையும் சொன்னேன். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

"இப்ப எங்க பாஷையில சொல்லு."

"தெரியாதே."

"மெதுவாக் கத்துக்கோ. இதுக்கு எந்த பஸ்ஸும் ஹாரன் அடிக்காது."

கற்றுக்கொண்டேன். கேட்டவர் இப்போது இல்லை. பந்தக்காலில் கட்டும் தாளும் இல்லை. அஞ்செட்டிக்கு எத்தனையோ பஸ், எதுவும் யார் வாசலுக்கும் வருவதில்லை. போன வாரம் நான் வேண்டாமென்று தலையை ஆட்டியதும், அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். நிம்மதியாக இருந்தது. ஆனாலும் காது கொஞ்ச நேரம் வாசல் பக்கமே இருந்தது.