பின்னறையில் தைத்த போர்வை

என் காலத்துக்குப் பிறகு இந்தப் போர்வை யாருக்கு என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. யாருக்கும் இல்லை. என்னோடு சேர்த்து எரித்துவிடுங்கள். எனக்காக நானே தைத்துக்கொண்டது இது ஒன்றுதான். அதை இன்னொருவர் தடவிப் பார்த்து, என்ன பொறுமை, என்ன கைவேலை என்று உருகுவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொறுமையில் தைத்ததில்லை இது. எரிச்சலில் தைத்தது.

மட்டாஞ்சேரிக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போனது எழுபதுகளின் தொடக்கத்தில். தலைமுறைகளாக அந்த மலையாளக் கரையிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால், ஒட்டி ஒட்டி நின்ற வீடுகளில் ஒன்று. முன்வாசலில் நின்றால் சுக்கும் மிளகும் மூக்கில் ஏறும். பின்வாசலில் நின்றால் காயல் சேற்றின் நாற்றம். கணவர் வெலிங்டன் தீவில் துறைமுகத்து ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. காலையில் போட் பிடித்துப் போனால் சாயங்காலம்தான் தலையைக் காணலாம். பகல் முழுவதும் நானும் மாமியாரும்தான். இரண்டு பேருக்கு அது பெரிய வீடு. எங்கள் இரண்டு பேருக்குப் போதாது.

எனக்குத் தைக்க வரும் என்பது வந்த சில நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்துபோனது என் போதாத காலம். பிறகு அந்த வீட்டில் கிழிந்தது, அவிழ்ந்தது, பித்தான் போனது எல்லாம் என் மடியில் வந்து விழுந்தன. மாமியாரின் ரவிக்கைக்குக் கொக்கி, கணவரின் சட்டைக் காலர், பக்கத்து வீட்டு மாமியின் தலையணை உறை. "சும்மாதானே இருக்கே" என்று சொல்லித்தான் கொண்டுவந்து போடுவார்கள். அடுப்படியை விட்டு வெளியே வந்து உட்கார்ந்தால் அந்த வீட்டில் அதற்குச் சும்மா இருப்பது என்று பெயர்.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் யாரும் எதையும் கொண்டுவந்து போட மாட்டார்கள். மாதவிலக்கானால் வீட்டுக்குத் தூரம். கிணற்றடியை ஒட்டி விறகு அடுக்கி வைத்திருந்த பின்னறைக்குப் போய்விட வேண்டும். நான் தொட்டதெல்லாம் தீட்டு. சாப்பாட்டுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு மாமியார் நகர்ந்த பிறகுதான் நான் எடுக்கலாம். இப்போது சிலர் என்னிடமே வந்து, அது பெண்களுக்கு ஓய்வு கொடுக்க முன்னோர்கள் செய்த ஏற்பாடு, அதில் விஞ்ஞானம் இருக்கிறது என்று விளக்குகிறார்கள். அவர்களை ஆடி மழை கொட்டும் கர்க்கடக மாதத்தில் அந்த அறையில் படுக்க வைக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் சிமென்ட் தரை வியர்க்கும். எனக்குக் கொடுத்திருந்தது ஒரு கோரைப்பாய். விடிவதற்குள் பாய் ஊறி, புடவை ஊறி, இடுப்பு மரத்துப்போய்விடும்.

ஒரு மழைக்காலத்தில் வாயைத் திறந்து ஜமக்காளம் கேட்டேன்.

"ஜமக்காளமா? நன்னாயிருக்கு!" என்றார் மாமியார், வாசற்படிக்கு அப்பால் நின்றுகொண்டு. "அது கனத்த துணியாக்கும். தீட்டு உள்ள எறங்கித்துன்னா நனைச்சாலும் போகாது. நாங்கள்லாம் தரைல படுக்கலையா? செத்தா போயிட்டோம்?"

சாகவில்லை என்பது கண்ணெதிரே தெரிந்தது.

ஈரப் பாயில் திரும்பப் போய் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. கனத்த துணியில் இறங்கிய தீட்டு போகாது என்றால், அந்த அறையில் அந்த நாட்களிலேயே நான் ஒரு போர்வை தைத்துக்கொண்டால் அதை இந்த வீட்டில் ஒருவரும் தொட முடியாது. இரவல் கேட்க முடியாது. மடித்துத் தங்கள் பீரோவில் வைத்துக்கொள்ள முடியாது. அவர்களுடைய சட்டமே அதற்குக் காவல். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் தனியாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

துணிக்குக் கடைத்தெருத் தையற்காரரிடம் போனேன். கடையின் மூலையில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் சாக்கு நிறையக் கிடந்தன. எனக்குக் கொஞ்சம் வேண்டும் என்றேன்.

"இது போட்டுல எஞ்சின் தொடைக்கக் கொடுக்கற துணியாக்கும், சேச்சி," என்றார் அவர், மிஷினிலிருந்து காலை எடுக்காமலே. "உங்களுக்கு எந்தினா?"

"எஞ்சின் தொடைக்கத்தான்," என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தார். அதன் பிறகும் எப்போது போனாலும் அதே சுளிப்பு, ஆனால் பை நிறைந்துவிடும்.

அந்தப் பையில் அந்த ஊரே இருந்தது. பள்ளிக்கூடத்துச் சீருடை நீலம், யார் கல்யாணத்துக்கோ தைத்த பளபளக்கும் சாட்டின், ஜன்னல் திரைக்கு வெட்டிய பூப்போட்ட துணி, காக்கி, சிவப்பு வெல்வெட்டில் ஒரு விரற்கடை. யார் யாரோ உடுத்தப்போகும் துணிகளின் மிச்சம். மாமியாருக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். எனக்கு அதனாலேயே இன்னும் பிடித்துப்போயிற்று. அடித்துணிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த என் பழைய சுங்குடிப் புடவை. நடுவில் வைக்க மைதா மாவு வந்த சாக்குத் துணியை எழுத்துப் போகும்வரை துவைத்து எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டுத் துணி ஒரு நூல்கூட அதில் கிடையாது.

முதலில் வீம்புக்குத்தான் தைத்தேன். மாமியாருக்குப் பச்சையும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண் கூசும். ஆகவே பச்சையோடு நீலத்தைச் சேர்த்தேன். கோணல்மாணலாகத் தைத்தால் அவருக்கு ஆகாது, கோணலாகவே தைத்தேன். சில மாதங்கள் போன பிறகு அவர் ஞாபகம் வருவது நின்றுவிட்டது. துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. பிறந்த வீட்டில் அம்மா எடுத்ததைக் கட்டினேன், புகுந்த வீட்டில் கொடுத்ததைக் கட்டினேன். அந்த விறகு அறையில்தான் எனக்குக் கடுகு மஞ்சள் பிடிக்கும் என்று கண்டுபிடித்தேன். ஒரு கடுகு மஞ்சள் துண்டைக் காக்கிக்குப் பக்கத்தில் வைத்தபோது சந்தோஷத்தில் வாய்விட்டே "அப்பா!" என்றேன். கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்க வந்த மாமியார், "என்ன, பல்லி விழுந்துதா?" என்று கேட்டார்.

மகன் வயிற்றில் இருந்தபோதும், பிறந்து பால் குடித்தபோதும் வேலை நின்றுபோயிற்று. தூரமும் இல்லை, தையலும் இல்லை. வீட்டுவேலை மட்டும் இருந்தது. மற்ற நாட்களில் தைத்திருக்கலாமே என்றால், மற்ற நாட்களில் என் கை என்னுடையது இல்லை. போர்வை முடிந்தபோது அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். அடுத்த மழைக்காலத்தில் அதை விரித்து ஒரு பாதியில் படுத்து மறு பாதியை மேலே இழுத்துக்கொண்டேன். தரை அதன் இஷ்டத்துக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. நான் காய்ந்து கிடந்தேன். ஒரு மகாராணிக்குக்கூட அன்று என் அளவுக்குத் திமிர் இருந்திருக்காது.

நான் வீட்டுக்குள் இருக்கும் நாட்களில் போர்வை அந்த அறையிலேயே கொடிக்கயிற்றில் தொங்கும். விறகு எடுக்க வரும்போது மாமியார் அதை ஒரு கழியால் ஒதுக்கிவிட்டுத்தான் உள்ளே போவார். அந்தக் கழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது நாத்தனார். கணவரின் தங்கை, பம்பாயில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். பின்பக்கம் கைகழுவ வந்தவள் கொடியில் பார்த்துவிட்டாள்.

"ஐயோ மன்னி, எத்தனை நன்னாயிருக்கு! பம்பாய்ல எங்க கீழாத்து மாமி இந்த மாதிரி ஒண்ணு சோபாமேல போட்டிருக்கா. இப்ப இதுதான் பேஷன். இதை எனக்குக் கொடுத்துடுங்கோ. நீங்க வேறொண்ணு தச்சுக்கலாமே, அந்த நாள்லாம் வெறுதே உக்காந்துண்டுதானே இருக்கேள்?"

"அது தூரத்துல தச்சது," என்றேன்.

"பம்பாய்ல அதெல்லாம் யார் பாக்கறா?"

நான் மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். கழி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன். வாழ்க்கையில் நான் அவரை நம்பியது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால், கிணற்றடித் தொட்டியில் என் போர்வை முங்கிக் கிடக்கிறது. மாமியார் வாளி வாளியாக இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கனத்த துணில எறங்கின தீட்டு நனைச்சாலும் போகாதுன்னேளே அம்மா?"

"நூல் துணிதானே. மூணு தரம் நனைச்சு வெயில்ல ஒணத்தினா எல்லாம் போயிடும்," என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். "ஊருக்குப் போற பொண்ணு ஆசையாக் கேக்கறா. இதுல என்ன பெரிய காரியம்?"

ஆக, போகும். இத்தனை வருஷமும் போயிருக்கும். ஒரு ஜமக்காளத்தை மூன்று தரம் நனைத்திருந்தால் போதும். நான் ஈரத்தில் கிடந்ததற்குத் தீட்டு காரணமில்லை, தீட்டு ஒரு சாக்கு. எனக்கு அழுகை வரவில்லை. காய்கறிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீரில் என் கடுகு மஞ்சள் கறுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு பொருள் இருந்தது. அதுவும் பம்பாய் சோபாவுக்குப் போகப்போகிறது. அன்று மாமியாரை நான் வெறுத்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

போர்வை காய அந்த நாள் வெயில் முழுவதும் ஆயிற்று. அடுத்த நாள் சாயங்காலம் நாத்தனாருக்கு ரயில். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். படுக்கை சுருட்டிக் கட்டும் ஹோல்டால் தரையில் திறந்து கிடந்தது. நாத்தனார் அதன் பக்கத்தில் உட்கார்ந்து புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் என் போர்வை. மாமியார் அதை உள்ளங்கையால் நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தார். கழியால் தள்ளிய அதே கை.

நான் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து கூடத்து வாசலில் நின்று சொன்னேன்:

"நான் தூரம்."

மாமியாரின் கை போர்வையை விட்டுத் துள்ளி விலகியது. பம்பாயில் இதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டவள், யோசிப்பதற்கு முன்பே கால்களைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். கூடத்தின் நடுவே வழி திறந்தது. நான் போய்ப் போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

மாமியாருக்குக் கணக்குத் தெரியும். அந்த வீட்டில் அவருக்குத் தெரியாத கணக்கு இல்லை.

"போன வாரந்தானேடி குளிச்சு உள்ள வந்தே?"

"தொட்டுப் பாக்கறேளா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது. ஆனால் கையை நீட்டினால், அது ஒருவேளை நிஜமாக இருந்தால்? அவர் வாழ்நாள் முழுவதும் கட்டிக்காத்த சட்டம் அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, நனைச்சாப் போயிடும்னியே!" என்று நாத்தனார் அழாக்குறையாகக் கத்தினாள்.

"இனி எப்ப நனைச்சு எப்ப ஒணத்தறது? சாயங்காலமாக்கும் ரயில்!" என்று மாமியார் அவள்மேல் எரிந்து விழுந்தார்.

தங்கையை ஸ்டேஷனில் விடுவதற்காகச் சீக்கிரமே ஆபீஸிலிருந்து வந்த கணவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கிணற்றடி வரை வந்து தள்ளி நின்றார். "ஒரு போர்வைக்கா இத்தனை?" என்றார்.

"ஆமா," என்றேன். "ஒரு போர்வைக்குத்தான்."

அவர்கள் கிளம்பிப் போனதும் கோடைமழை இடியோடு பிடித்துக்கொண்டது. பாயின்மேல் போர்வையை விரித்துப் படுத்தேன். வெயில் மணம் அதில் இன்னும் மிச்சம் இருந்தது. அடுப்படியில் மாமியார் தனியாக உருட்டிக்கொண்டிருந்தார். ஏதோ பாத்திரம் பெரிய சத்தத்தோடு விழுந்து உருண்டது. "கொஞ்சம் இங்க வந்து" என்று பழக்கதோஷத்தில் என்னைக் கூப்பிடத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.