பச்சைக் கதவில் வேப்பிலை

முத்தியால்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த சந்தில் ஒரு பச்சைக் கதவு இருக்கிறது. இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போவதில்லை. பேருந்து தப்பினாலும் பரவாயில்லை என்று சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

மூன்றாம் வகுப்புக்கு நான்தான் ஆசிரியை. அரியாங்குப்பத்திலிருந்து ஒரு தாய் தன் மகளைச் சேர்க்க வந்தார். பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய். பெரிய வைத்தியமெல்லாம் முடிந்து மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி கிடையாது. ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில் கையை விரித்துவிட்டார்கள். அதுவரை செல்போனில்தான் படிப்பு. "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று எங்கள் தலைமையாசிரியை கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "நான் பொறுப்பு" என்றேன். வாய்க்கொழுப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

தாய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "கிளாஸ்ல யாருக்காவது அம்மை போட்டா அன்னைக்கே ஒரு போன் பண்ணிடுங்க மிஸ். நாலு நாளைக்குள்ள கூட்டிட்டுப் போனா ஊசி இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. விட்டுட்டா உசுருக்கே ஆபத்தாம்."

ஜன்னலோரம் இடம் கொடுத்தேன். முதல் வாரம் அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்களும் மற்ற பிள்ளைகளையே மேய்ந்துகொண்டிருந்தன. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தவளோடு ஒட்டிக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை அந்தத் தோழி வரவில்லை. வியாழன் மாலை வீடு திரும்பும்போது அவள் வீட்டுப் பச்சைக் கதவில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. அம்மை கண்ட வீட்டில் போய் யாரும் விசாரிப்பதில்லை. வெளியே அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. ஆத்தா இறங்கியிருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அதெல்லாம் சாக்கு. திங்கட்கிழமை காலை வழிபாட்டில் ஜன்னலோரத்துப் பிள்ளை செய்தி வாசிப்பதாக இருந்தது. பத்து நாளாகப் பயிற்சி. சொன்னால் தாய் மறுநாளே அவளை நிறுத்திவிடுவார். தலைமையாசிரியை "அன்னைக்கே சொன்னேனே" என்பார். அதைக் கேட்க எனக்குத் திராணி இல்லை. அம்மை வந்தவள்தான் லீவில் இருக்கிறாளே, இனி எப்படி ஒட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொப்புளம் கிளம்புவதற்கு முன்பே ஒட்டிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவள் தடுமாறாமல் வாசித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த வாரமே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மை நுரையீரல் வரை போய்விட்டது. பிழைத்துவிட்டாள். ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சேதராப்பட்டில் கம்பெனி வேலை பார்க்கும் அவள் அப்பா, இனிப் பள்ளிக்கூடம் என்ற பேச்சே கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஆடி மாதம் தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம் கட்டும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறேன். ஜன்னலோர இடத்தில் இன்னும் யாரையும் உட்காரவைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஆற்றைத் தாண்டிப் போய் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். "நீங்க ஒருத்தர்தான் மிஸ் எங்களுக்காகப் பேசினீங்க" என்று ஒவ்வொரு முறையும் காப்பியை நீட்டியபடி அந்தத் தாய் சொல்கிறார். நான் அவசரமாகப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

போன சனிக்கிழமை தாய் ஸ்கூட்டியில் கடைக்குப் போனதும் பிள்ளை என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மிஸ், ஒண்ணு சொன்னா அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்லு."

"அவ லீவு போடுறதுக்கு முந்தின நாள் கொய்யாக்கா குடுத்தா. பாவாடைய வெச்சு காக்கா கடிதான் கடிச்சுக் குடுத்தா, எச்சில் இல்ல. ஆனா நான் மாஸ்க்க கழட்டிட்டேன் மிஸ். அதான் எனக்கு வந்துச்சு. என்னாலதான் அம்மா அவ்ளோ அழுதாங்க."

உன்னால் இல்லை, என்னால்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

"சொல்ல மாட்டீங்கல்ல மிஸ்?"

"சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் நிம்மதியாக நோட்டைத் திறந்தாள்.