ஹால் ஜன்னலுக்குப் புது ரப்பர்

எங்கள் ஹால் ஜன்னலின் கண்ணாடி வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை நிறுத்தினவன் நான்தான். என் மனைவி போய் ஒரு வருஷம் ஆகிறது. இதை எழுதவேண்டும் என்று இரண்டு தடவை உட்கார்ந்து இரண்டு தடவையும் எழுந்துவிட்டேன். இது மூன்றாவது தடவை.

அபிராமபுரத்தில் எங்களுக்கு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வீடு வாங்கின நாளில் போட்ட அலுமினிய ஜன்னல்கள், தள்ளித் திறக்கிற வகை. கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் பட்டை ஓடும். அது வெயிலில் காய்ந்து, சுருங்கி, மூலைக்கு மூலை விட்டுப்போயிருந்தது. தெருவில் லாரி போனால் கண்ணாடி கடகடவென்று அடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினால்கூட அடித்துக்கொள்ளும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே எரிச்சல் வரும். அவளுக்கோ அதுதான் டெலிபோன்.

காலையில் ஆறு மணிக்கெல்லாம் நான் கீழே இறங்கிவிடுவேன். காம்பவுண்டுக்குள் சுவரோரம் ஒரு சிமெண்டு பெஞ்சு, எங்கள் ஹால் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். பேப்பர் படிக்கப் போகிறேன் என்று பெயர், பாதி நேரம் ஊர் வம்பு. போனை எடுத்துக்கொண்டு போகமாட்டேன், அது ஃபிரிட்ஜ் மேலே கிடக்கும். அவளுக்குப் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இல்லை. "ஏன்னா" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தால் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், மானம் போகும் என்பாள். அதனால் ஸ்பூனால் ஜன்னல் கண்ணாடியில் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் காபி ரெடி. மூன்று என்றால் கீரைக்காரம்மாவை நிறுத்து. விடாமல் தட்டினால் உடனே மேலே வா. கடைசியாகச் சொன்னதை ஒரே ஒரு தடவைதான் உபயோகித்திருக்கிறாள், பெங்களூரில் எங்கள் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்த காலையில். அன்றைக்கு நான் இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

கட்டடம் முழுக்க இந்தத் தட்டு தெரியும். நான் பேச்சு சுவாரஸ்யத்தில் கவனிக்காமல் இருந்தால் வாட்ச்மேன் கேட்டிலிருந்தே, "சார், மாமி காபிக்குக் கூப்புட்றாங்கோ" என்பார்.

கடைசி நாலு வருஷமாக அவளுக்கு மூச்சு சரியில்லாமல் இருந்தது. இன்ஹேலர், நெபுலைசர், மாத்திரை எல்லாம் உண்டு. தூசியும் பனிக்காற்றும் அவள் மேல் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வருஷம் ஐப்பசியில் எங்கள் தெருமுனையில் ரோட்டை வெட்டிப் போட்டார்கள். துடைத்த மேஜையில் அரை மணி கழித்து விரலால் கோலம் போடலாம், அவ்வளவு புழுதி. கார்த்திகை பிறந்ததும் விடியற்காலையில் ஜன்னல் இடுக்கு வழியாக ஊதல் காற்று வேறு. அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு இழுத்து இழுத்து மூச்சு விடுவாள். பழைய வேஷ்டியைக் கிழித்து இடுக்குகளில் செருகிப் பார்த்தேன். ஜன்னலை ஒரு தடவை தள்ளினால் அத்தனையும் கீழே விழும். எனக்கு வந்த கோபத்துக்கு ஜன்னலையே பெயர்த்து எறிந்திருப்பேன்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு அலுமினிய வேலைக்காரரைக் கூட்டிவந்தேன். ஐம்பது வயசு இருக்கும். ஹால் ஜன்னலைப் பார்த்ததும் ரப்பரை நகத்தால் கிள்ளினார். அது பொடியாக உதிர்ந்தது.

"இன்னா சார், ரப்பரா இது? கருவாடு மாதிரி காஞ்சி கீது" என்றவர், சமையலறை வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாரி மாமி, வாய் தவறிப்போச்சு."

"பரவால்லப்பா. வாசனை வராத வரைக்கும் சரி" என்றாள். சிரித்து, சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லா ஜன்னலுக்கும் ரப்பர் மாற்றுவது, சட்டம் ஓடுகிற பள்ளத்தில் மயிர் வைத்த பட்டை புதிதாகப் போடுவது, வெளிப்பக்கம் சிலிக்கான் அடைப்பது என்று பேசி முடித்தோம். அப்போது அவள் சொன்னாள்:

"ஹால் ஜன்னலை மட்டும் விட்டுடுங்கோளேன்."

"ஏன்?"

"தட்டினா கீழ கேட்கணுமே."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. "நாலு ஜன்னலை அடைச்சுட்டு ஒண்ணைத் திறந்து வெச்சா தூசி உன்னைக் கேட்டுண்டு வருமா? இத்தனையும் உனக்காகத்தானே பண்றேன். மூச்சை விடக் காபி பெரிசா போச்சா உனக்கு?"

"காபி உங்களுக்குன்னா" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

வேலைக்காரர் என்னையும் சமையலறையையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமி சொல்றாங்கோ, வேணா அது அப்புறமா..." என்று இழுத்தார். நீ போடுப்பா என்று அதட்டினேன். முப்பது வருஷம் காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன். ஒலி எப்படிப் பரவும், அதிர்வை எது விழுங்கும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினவன். எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்கிற திமிர்.

இரண்டு நாள் வேலை. நறுவிசான கை அவருக்கு. புது ரப்பரைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தி, மூலையில் சாய்வாக வெட்டி, கோடு தெரியாமல் சேர்த்தார். முடித்ததும் நான் ஹால் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு கையும் வைத்துத் தோளும் கொடுக்க வேண்டியிருந்தது.

"புது மால் சார். ஒரு மாசம் டைட்டா இருக்கும், போகப் போக லூசாயிடும். மாமியத் தள்ளச் சொல்லாதீங்க, நீங்களே காலைல கொஞ்சம் தொறந்து வுட்டுடுங்க."

சரி சரி என்றேன். புழுதி வருமே என்று ஒரு நாளும் திறக்கவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும், வீடு மாறித்தான் போயிற்று. தெருச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. மேஜை சாயங்காலம் வரை சுத்தமாக இருந்தது. முதல் நாளே அவள் விடிகிற வரைக்கும் இருமாமல் தூங்கினாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தச் சீரான மூச்சைக் கேட்டுக் கர்வப்பட்டேன். ஜன்னல் அடைத்ததில் எனக்கு ஒரு பத்மஸ்ரீ கொடுக்கலாம் என்று காலையில் அவளிடமே சொன்னேன்.

"மொதல்ல காபியைக் குடிங்கோ. ஆறிப் பச்சைத்தண்ணியாயிடுத்து" என்றாள். "நாலு தடவை தட்டினேன். மலை மாதிரி உக்காந்திருந்தேள்."

"கேட்கலையே. ஜன்னலைத் திறந்து தட்டறதுதானே?"

"என்னால தள்ள முடியலை. போனைக் கையில எடுத்துண்டு போங்கோளேன்."

"கீழ இருக்கற பெஞ்சுக்கு எதுக்குப் போன்? நானே கரெக்டா ஏழு மணிக்கு மேல வந்துடறேன், போறுமா?"

போறும் என்றாள். அவளுக்கு எப்போதுமே நான் சொன்னால் போறும். சில நாள் ஏழுக்கு ஏறினேன், சில நாள் ஏழேகாலுக்கு. காபியை மறுபடி சுடவைத்துத் தருவாள், முகத்தைச் சுளிக்க மாட்டாள். ஆனாலும் கை பழக்கத்தை விடவில்லை. தினமும் காபி கலந்ததும் அந்த ஜன்னல்கிட்டே போய் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வருவாளாம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ரப்பர் போட்ட பதினெட்டாம் நாள். மார்கழி. கீழே பெஞ்சில் ஒரு தகராறு, தண்ணி லாரி உள்ளே வர முடியாதபடி யாரோ காரை நிறுத்திவிட்டார்கள் என்று. எனக்கு நியாயம் பேசுவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். பேசிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஏழு அடித்ததும் தெரியும், ஏழேகால் ஆனதும் தெரியும். வேணுமானால் கூப்பிடட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கப் போவதில்லை. ஏழு நாற்பதுக்கு மாடி ஏறும்போது, காபி ஆறிப்போயிருந்தால் என்ன சொல்லிச் சண்டை பிடிப்பது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

ஜன்னலுக்குக் கீழே தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்பூன். இன்ஹேலர் டைனிங் டேபிளுக்கு அடியில் உருண்டு கிடந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். தூக்கி மடியில் போட்டுக்கொண்டு நான் கத்தின கத்தலுக்குக் கட்டடமே ஓடி வந்தது. என் குரல் மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. டாக்டரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. "சொல்ல முடியாது சார்" என்றார். நல்ல மனுஷர், ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொன்னார். பிழைத்திருக்க மாட்டாள் என்று அடித்துச் சொல்லியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

பதின்மூன்று நாளும் முடிந்து பெண் ஊருக்குப் போன மறுநாள், எதிர் ஃபிளாட் அம்மாள் வந்தார்கள். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் எங்கள் ஹால் ஜன்னல் நேராகத் தெரியும். உட்காரச் சொன்னேன். உட்காராமல் முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றார்கள்.

"அன்னைக்கு நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன் சார். மாமி ஜன்னல்ல நின்னு தட்டிக்கிட்டு இருந்தாங்க. தெனமும் தட்டுவாங்களே, காப்பிக்கின்னு நெனச்சு உள்ள போயிட்டேன். அன்னைக்கு மட்டும் ரொம்ப நேரம் தட்டுனாங்க சார். விடாம தட்டுனாங்க."

"எத்தனை மணி இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஏழு, ஏழஞ்சு இருக்கும். உங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

அந்த அம்மாள் அழுதார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு அப்போது அழுகை வரவில்லை.

மறுநாள் காலை வாட்ச்மேனை மேலே கூட்டிப்போய் அவள் ஸ்பூனைக் கையில் கொடுத்தேன். நான் கீழே போய் உட்கார்ந்ததும் இந்தக் கண்ணாடியில் விடாமல் தட்டு என்றேன். நான் இறங்கிவந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். பேப்பர் இல்லை, பேச்சு இல்லை, லாரி இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேப்பமரத்தில் அணில் கத்துவது கேட்டது. மூன்றாவது மாடியில் குக்கர் விசில் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் வாட்ச்மேனின் கை மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை.

அவர் கீழே வந்து, "எவ்ளோ நேரம் தட்னேன் சார், கேக்கவே இல்லியா?" என்றார்.

அப்போதுதான் வந்தது அழுகை. காம்பவுண்டில், காலை எட்டு மணிக்கு, பால்காரனும் இஸ்திரிக்காரனும் பார்க்க, வாய்விட்டு அழுதேன். நான் பேப்பரில் மூழ்கியிருந்ததால் கேட்கவில்லை, தகராறில் கத்திக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை என்றாவது வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த வழியையும் நானே அடைத்திருக்கிறேன். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் போதும்.

எல்லா ரப்பரையும் பிடுங்கிவிடுகிறேன் என்று பெண்ணிடம் சொன்னேன். "அம்மா நன்னா தூங்கினது அந்த ரெண்டரை வாரம்தாம்ப்பா" என்றாள். அதனால் விட்டுவிட்டேன்.

இந்த மார்கழியில் வருஷ காரியம் முடிந்தது. இப்போது காலையில் நான் கீழே போவதில்லை. காபி நானே கலந்துகொள்கிறேன், திக்காகவும் வராது, சூடாகவும் இருக்காது. நேற்று டம்ளரை எடுத்துக்கொண்டு ஹால் ஜன்னல்கிட்டே போனேன். ரோடு வேலை எப்போதோ முடிந்துவிட்டது. வருஷம் பூராவும் நான் தொடாத ஜன்னல். தோளைக் கொடுத்துத் தள்ளத் தயாராகத்தான் கை வைத்தேன். ஒரு விரல் போதுமாக இருந்தது. வழுக்கிக்கொண்டு அந்தக் கோடி வரைக்கும் போய் நின்றது.

அந்த வேலைக்காரர் சொன்னது சரிதான். ஒரு மாசம்தான் டைட்டாக இருக்கும் என்றார். அவளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் வேண்டியிருந்தது.