மெட்ராஸ் ஐ என்று ஒரு பொய்

மூன்று வருடத்துக்கு முன்பு, சித்திரை மாதம், அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. இதை எழுத உட்காரும் முன்பு கூட, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அந்தப் பயம் இன்னும் விடவில்லை.

என் மேல் இமைத் தோல் தொங்கிப்போய்ப் பாதிக் கண்ணை மூடியிருக்கும். "என்ன மதினி, அழுதீகளா?" என்று கேட்காத ஆள் இல்லை. மூத்தவள் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோ விடாமல் நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன். இளையவளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானதும், இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்துகொண்டு நிற்கவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.

மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். பார்வையில் கோளாறு இல்லை, தொங்குகிற தோலை வெட்டித் தைப்பது அழகுக்குச் செய்துகொள்வதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வீங்கும், கன்றிப்போகும், ஒரு வாரத்தில் தையல் பிரிப்போம், சில நாள் கண் முழுதாக மூடாது என்று எல்லாம் விளக்கினார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று ஒரு தாளும் கொடுத்தார்.

ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. இமையில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். வலி இல்லை, ஆனால் கத்தரிக்கோல் சத்தம் கேட்கிறது, லேசாகக் கருகுகிற வாடை வருகிறது. உன்னை யாருடி இங்கே வந்து படுக்கச் சொன்னது என்று என்னையே வைதுகொண்டு கிடந்தேன். சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியோடு காரில் வீடு வந்து சேர்ந்தோம்.

விஷயம் என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். வெளியூரில் வேலை பார்த்த இளையவளிடம் கூடச் சொல்லவில்லை. தெருவில் மெட்ராஸ் ஐ என்று சொல்லிவிட்டோம். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் அல்லவா? முக்கியமாக எதிர்வீட்டுக்காரிக்குப் பயந்துதான் இந்தப் பொய். அவள் காதில் விழுந்தால் மறுநாள் பக்கத்து ஊர் பாலவனத்தம் வரைக்கும் தெரிந்துவிடும். மகளுக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இவள் அழகு பண்ணிக்கொண்டாள் என்ற பேச்சைச் சாகிற வரைக்கும் கேட்கவேண்டியிருக்கும். டாக்டர் கொடுத்த தாளைக் கூடப் பீரோவில் சேலைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் மில் வேலைக்குப் போன பிறகு தண்ணீர் வந்தது. எங்கள் பக்கம் தண்ணீர் வருகிற நாளை விட்டால் அடுத்து எப்போது என்று சொல்ல முடியாது. குழாயோ வாசலில் தோண்டிய குழிக்குள் இருக்கிறது. தலையைக் கீழே விட்டுக் குனிந்துதான் குடத்தை எடுக்கவேண்டும். யாரையாவது கூப்பிடலாம் என்றால், மெட்ராஸ் ஐ வந்தவளுக்குக் குடம் தூக்க என்ன கேடு என்று கேட்பார்கள். நானே தூக்கினேன். ஆறாவது குடத்தில் இடது கண்ணுக்குப் பின்னால் ஏதோ இறுகியது.

வீக்கம் வரும் என்றுதானே சொன்னார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கண் வெளியே பிதுங்குகிற மாதிரி வலி. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய தேதி தெரியவில்லை. இன்னொரு முறை பார்த்தேன், நாள்காட்டியே தெரியவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். மதுரைக்கு வர நேரமில்லை, உள்ளே ரத்தம் கட்டியிருக்கும், உடனே பக்கத்தில் இருக்கிற கண் டாக்டரிடம் ஓடுங்கள், போனதும் என்னோடு பேசச் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. தெருவுக்கு வந்தால் எதிர்வீட்டுக்காரி மட்டும் குழியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைக் கழற்றினேன்.

"ஆத்தாடி! இது மெட்ராஸ் ஐ இல்லையே மதினி!"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குடத்தை அப்படியே போட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"தண்ணி ஓடுதுடி" என்றேன், அந்த நேரத்திலும்.

"ஓடட்டும், வாங்க."

எங்கள் ஊரில் அப்படிச் சொன்னவளை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. போகிற ஆட்டோவை மறித்து ஏற்றினாள். வழியெல்லாம் என் வலது கண்ணைப் பொத்தி, முன்னால் விரலைக் காட்டி, "இது எத்தனை மதினி?" என்று கேட்டபடி வந்தாள். எனக்கு விரலும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. மகள் கல்யாணத்தை ஒற்றைக் கண்ணோடுதான் பார்க்கப் போகிறேன், அதுவும் நானே தேடிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளூர்க் கண் டாக்டர், மதுரை டாக்டரோடு போனில் பேசிக்கொண்டே தையலைப் பிரித்து, தேங்கிய ரத்தத்தை வெளியேற்றினார். முதலில் வெளிச்சம் வந்தது. பிறகு ஏதோ நிழல் அசைந்தது. நான் முதலில் பார்த்தது அவளுடைய கையைத்தான்.

"மூணு" என்றேன்.

அதுவரை தைரியமாக இருந்தவள் அப்போதுதான் ஓவென்று அழுதாள்.

மதுரையில் மறுபடி தையல் போட்டு, நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். தெருவுக்கே தெரிந்திருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டுதான் காரை விட்டு இறங்கினேன். எதிர்வீட்டு வாசலில் அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாள். பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"ஒங்ககிட்டருந்து எனக்கும் ஒட்டிக்கிருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மதினி. இல்லாட்டி எவ நம்புவா?"

இளையவள் கல்யாண ஆல்பத்தில் நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் நிற்கிறேன். ஆனால் யாருக்குப் பயந்து அந்தப் பொய்யைச் சொன்னேனோ, அவளே எனக்காக அதை நான்கு நாள் முகத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் திரிந்தாள் என்று நினைக்கும்போது, எனக்கு இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.