மேல்வீட்டுக் கனடாக்காரர்

மகளின் ஸ்கேட் இன்று பனித்தளத்தைக் கீறிய சத்தத்தில், மேல்வீட்டுக் கனடாக்காரரின் நினைவு வந்தது.

அப்போது டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் அப்பாவும் நானும் மட்டுமே இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவுக்கு அரசாங்கம் விசா கொடுக்காமல் இழுத்தடித்தது. கனடாக்காரர், ஹேர்னிங்கில் முதன்முதலாகச் சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி விளையாட வந்தவர். அப்பா வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில் அவர் என்னையும் தன் பயிற்சிக்குக் கூட்டிப்போவார். வெறும் அரங்கில் நான் ஒருத்தி மட்டும் கைதட்டுவேன்.

ஒரு ஆட்டத்தில் அவருக்குக் கால் முறிந்தது. அதோடு விளையாட்டும் முடிந்தது. பெட்டியோடு வாசலுக்கு வந்து விடைபெற்றுப் போனார்.

"எங்க போறார் அப்பா?"

"தன்ர வீட்டை, பிள்ளை. மனிசி பிள்ளையள் அங்கதானே."

"எனக்கும் கால் முறிஞ்சா அம்மாட்ட அனுப்புவினமே?"

அப்பா குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த என் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அம்மா வந்து சேர்ந்தபோது நான் அம்மாவின் உயரத்துக்கு வளர்ந்திருந்தேன்.