ஆறாயிரத்துக்குள் ஒரு பேஸ் கிட்டார்

எவ்வளவுக்கு வாங்கினேன் என்று தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? நீ வாங்கப்போகிறாயா, உன் வீட்டில் யாராவது வாசிக்கப்போகிறார்களா? அடுத்த வீட்டுச் சமாச்சாரம் என்றால் மட்டும் காது முறம் மாதிரி விரிந்துகொள்கிறது. சரி, வந்து தொலைத்துவிட்டாய். உட்கார். குறுக்கே பேசாதே.

மகள் வயிற்றுப் பேத்தி அரியலூரில் காலேஜ் படிக்கிறாள். கல்யாண வீடுகளில் வாசிக்கும் ஒரு இன்னிசைக் குழுவில் அவளைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொந்த பேஸ் கிட்டாரோடு வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறொரு பையனுக்கு. அவளோ அதுவரை காலேஜ் கிட்டாரில் பழகியவள். அப்பாவிடம் கேட்டாள்.

"கல்யாணம் பண்ண வேண்டிய வயசுல கல்யாண வூட்டுல கம்பி மீட்டப் போறியா?" என்று கத்தினார் என் மருமகப்பிள்ளை. அவர் வேண்டாம் என்றால் எனக்கு அது உடனே வேண்டும். முந்திரி உடைத்துச் சேர்த்த ஆறாயிரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினேன்.

அரியலூர்க் கடையில் ஆறு கம்பி கிட்டார் நாலாயிரம். நாலு கம்பி வைத்த பேஸ் கிட்டார் ஒன்பதாயிரம்.

"ஏன் தம்பி, ரெண்டு கம்பிய உருவிக்கிட்டு அஞ்சாயிரம் கூடக் கேக்குறியே?"

"இது வேற, பாட்டி. வாங்குறதுன்னா வாங்குங்க. கடையில நின்னு காமெடி பண்ணாதீங்க."

மூலையில் கிடந்த ஒன்றை எடுத்து ஐயாயிரத்து ஐநூறு என்றான். பேத்திக்கு முகமெல்லாம் பல். நான் அதைப் பிடுங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீளவாக்கில் பார்த்தேன். வண்டிக்கு நுகத்தடி எடுக்கும்போது எங்கள் வீட்டில் அப்படித்தான் பார்ப்போம். நடுவில் வளைந்து கிடந்தது. பேத்தி கம்பியை அழுத்திப் பார்த்தாள்.

"ஆமா அம்மாயி, கம்பி ரொம்பத் தூக்கி நிக்குது. அரை மணி நேரம் வாசிச்சா வெரலு போயிரும்."

"கோணக் கழுத்த எந்தலையில கட்டப் பாத்தியாடா?"

"இந்தக் காசுக்கு நேர்க்கழுத்து வேணுமா? எடத்தக் காலி பண்ணுங்க."

செவ்வாய்க்கிழமை, பேத்தி போனில் தேடியதில் உடையார்பாளையத்தில் ஒருவர் பழைய பேஸ் கிட்டார் ஒன்றை விற்பதாகப் போட்டிருந்தார். விலை ஆறாயிரம். பஸ் ஏறினோம். முந்திரித் தோப்பை ஒட்டிய வீடு. மகன் ஆசைப்பட்டு வாங்கிப் பரணில் போட்டுவிட்டானாம். கழுத்தைத் துண்டால் சுற்றிப் பிடித்து அந்த மனிதர் தூக்கி வந்தார்.

"யாரு, இந்தப் புள்ளையா வாசிக்கப்போவுது? பொட்டப் புள்ளைக்கு எதுக்குங்க இது?"

"உங்க வூட்டு ஆம்பளப் புள்ள வாசிச்ச லட்சணந்தான் பரண்ல கெடந்துச்சே."

அவர் துண்டை உருவிவிட்டுக் கிட்டாரைக் கட்டில்மேல் வைத்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கழுத்து நேர்கோடு. அங்கேயே கிடந்த சின்ன ஸ்பீக்கரில் மாட்டிப் பேத்தி ஒரு கம்பியைச் சுண்டியதும் மேலே தகரக் கூரை அதிர்ந்தது. ஆசையில் அவள் இடது கை கழுத்துக்குப் போனது. அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

"கைய எடுடி!"

கழுத்திலிருந்து வந்த வாடை எனக்குத் தெரியும். கரையான் ஏறாமலிருக்க உத்திரத்திலும் கதவிலும் முந்திரித்தோல் எண்ணெய் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். நன்றாகக் காயும் முன் தோலில் பட்டால் வெந்துபோகும். இந்தப் புத்திசாலி, பளபளப்புக்குப் பளபளப்பு, கரையானுக்கும் ஆச்சு என்று கிட்டார் கழுத்துக்கும் பூசி வைத்திருக்கிறார். பேத்தி பிடித்திருந்தால் வெள்ளிக்கிழமை விரல் இருந்திருக்காது.

"நீங்க கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது."

"சும்மா கழுத்தப் புடிங்க, போதும்."

அவர் மறுபடியும் துண்டை எடுத்தார்.

"துண்டு எதுக்கு? குளிக்கவா போறீங்க? வெறுங்கையால புடிங்க."

"வேணும்னா எடு கெழவி, இல்லன்னா நடையக் கட்டு!"

"கட்டுறேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒக்காந்து, நீங்க கிட்டாருக்குக் கரையான் மருந்தடிச்ச கதைய நாலு பேருக்குச் சொல்லிட்டு நடையக் கட்டுறேன்."

ஆறாயிரம் மூவாயிரத்து ஐநூறு ஆனது. வாசல்வரை திட்டிக்கொண்டே வந்தார். நான் திரும்பிப் பார்க்காமலே திட்டினேன்.

முந்திரி உடைக்கும்போது செய்வதுபோல் கையில் விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு, உப்புக்காகிதம் வைத்து அந்தக் கழுத்தை இரண்டு நாள் தேய்த்தேன். பேத்தியைக் கிட்டவே விடவில்லை. மேல்பூச்செல்லாம் போய் வெள்ளை மரம் தெரிந்தது. என் உள்ளங்கைதான் ஓரமெல்லாம் கொப்பளித்துவிட்டது. மீதிக் காசில், அதே சிடுமூஞ்சிக் கடைக்காரனிடம் புதுக் கம்பி வாங்கி மாட்டினாள். வெள்ளிக்கிழமை குழுவில் வாசித்துக் காட்டினாள். இடம் அவளுக்கே. ஞாயிற்றுக்கிழமை திருமானூரில் ஒரு கல்யாணத்தில் மேடையேறினாள். மருமகப்பிள்ளை வரவில்லை, நானும் கெஞ்சவில்லை.

மறுநாள் தெருவே என் கையைப் பார்த்து, பெரிய கவலை மாதிரி விசாரித்தது.

"அது ஒண்ணுமில்லடி," என்றேன். "பேத்தி வாசிச்சதுக்குக் கை தட்டித் தட்டிக் கொப்பளிச்சிருச்சு. உங்க கையெல்லாம் நல்லாத்தான இருக்கு? அடுத்த மொறை வந்து நீங்க தட்டுங்க."