அவள் போட்ட சார்ஜ்

எங்கள் சமையலறை ஓட்டுக்கு மேலே முருங்கைக் கொப்பு ஒன்று சாய்ந்து நிற்கும். மழைக்காலம் தொடங்கினால் கம்பளிப்பூச்சி ஓட்டு இடுக்கு வழியாக இறங்கி, குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வந்து ஊரும். அந்தக் கொப்பை வெட்டச் சொல்லி என் மனைவி நச்சரித்துக்கொண்டே இருப்பாள். இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் அவள் மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் மரம் அறுக்கும் மிஷினின் பேட்டரியைச் சார்ஜ் போட்டாள். ஞாயிறு விடிந்ததும் வாசல் தெளிக்கப் போனவள், வாளியைப் பிடித்தபடியே உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

நான் போர்வெல் ரிக் வண்டியில் இருந்தவன். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றிவிட்டுத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோதான் வீட்டு முகம் பார்ப்பேன். கம்ப்ரஸர் சத்தத்திலேயே வயசு கழிந்தது. இடது காது அநேகமாகப் போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தபோது, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் வீட்டைச் சுற்றி இருந்த எங்கள் துண்டு நிலம் முழுக்கச் சீமைக்கருவேல முள்ளாகக் கிடந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் பேட்டரியில் ஓடும் சின்ன மிஷின் ஒன்றை வாங்கி அனுப்பினாள். பெட்டியைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாறையைக் குடைந்தவனுக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்த மாதிரி இருந்தது.

ஆனால் அது வேலை செய்தது. தொடை கனத்துக் கருவேலத்தைக் கூட முனகாமல் அறுத்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறு. பெட்ரோல் மிஷின் என்றால் அறுக்காத நேரத்திலும் உறுமிக்கொண்டே இருக்கும். இதில் விசையை விட்டால் சத்தம் அப்படியே நின்றுவிடும். உடனே அவள் பேசுவது எனக்குக் கேட்கும்.

முருங்கை மாதிரி முறிகிற மரத்தை இருவராகத்தான் அறுப்போம். கொப்பின் நுனிப்பக்கம் கயிறு கட்டி, அவள் தள்ளி நின்று இழுத்துப் பிடிப்பாள். "புடிச்சுட்டியா புள்ள?" என்பேன். "புடிச்சுட்டனுங்க, அறுங்க" என்பாள். அந்தக் குரல் வந்த பிறகுதான் விசையை அழுத்துவேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு உண்மை அதுதான்.

மிஷினின் பராமரிப்பு முழுக்க அவள் பொறுப்பு. ஆரம்பத்தில் ஒருநாள் சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் தீர்ந்துபோக, கடலை எண்ணெயை ஊற்றி வைத்துவிட்டாள். அறுக்க அறுக்கப் பஜ்ஜிக் கடை வாசம் வந்தது. கேட்டதற்கு, "எண்ணெய்னா எல்லாம் எண்ணெய்தானுங்களே?" என்று என்னையே மடக்கினாள். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி முந்தானையால் துடைத்துச் சார்ஜ் போடுவதும் அவள்தான். நான் ஒருநாளும் போட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அண்ணன், என் பெரியப்பா மகன்தான், என்னிடம் வந்து குனிந்தார்.

"சாமி, பாடைக்கு மூங்கில் அறுக்கோணும். கொடுவாள் மொண்ணையாக் கெடக்குது. உன்ற மிஷினக் குடு."

நான்தான் எழுந்து போய் பேட்டரியை எடுத்தேன். சார்ஜ் காட்டும் பொத்தானை அழுத்தினேன். நான்கு பச்சை விளக்கும் எரிந்தன. என் கையாலேயே மாட்டிக் கொடுத்தேன். முருங்கைக்கு என்று அவள் போட்ட சார்ஜில் அவளுடைய பாடைக்கு மூங்கில் அறுபட்டது. போன காதுக்கும் அன்று அது நன்றாகக் கேட்டது.

அறுத்து முடித்து மிஷினைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தபோது மறுபடி அழுத்திப் பார்த்தேன். இரண்டு விளக்கு மிச்சம் இருந்தது. அழுதுகொண்டிருக்க வேண்டிய நேரத்தில் என் மனசு அதைப் பிடித்துக்கொண்டது. மிச்சத்தில் அந்தக் கொப்பை வெட்டிவிட வேண்டும், அவள் போட்டது அவள் கேட்ட வேலைக்கே போக வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்கினார்கள்.

மோகனூரில் காவிரியில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த மறுநாள் மிஷினைத் தேடினேன். எங்கள் மாட்டுக் கொட்டகை ஆணியில் தொங்கியது. அழுத்தினேன். ஒரு விளக்கும் எரியவில்லை. எடுத்துச் சாய்த்ததும் உள்ளிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது.

நேராக அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். "இத என்னங்கண்ணா பண்ணுனீங்க?"

"கழுவுனேன் சாமி. சாவுக்குப் பொழங்குன சாமானத்தக் கழுவாம ஊட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதில்ல? மஞ்சளக் கரைச்சு ஊத்தி, தொட்டில நல்லா முக்கி எடுத்து மாட்டுனேன்."

"பேட்டரியோடயா?"

"கொடுவாளையும் அப்படித்தான முக்குனேன்."

எனக்கு வந்த கோபத்தில் வயது வித்தியாசம் எல்லாம் மறந்துபோனது. அறிவிருக்கிறதா என்று கத்தினேன். எனக்கும் வீட்டுக்கும் தீட்டு ஒட்டக்கூடாது என்று நினைத்தே அதைச் செய்தவர், திட்டு வாங்கிக்கொண்டு புரியாமல் நின்றார். "அது அவ போட்ட சார்ஜுங்கண்ணா" என்றேன். அவள் போனதிலிருந்து எனக்கு அழுகை வந்ததே இல்லை. அன்றுதான் வந்தது, அண்ணன் வெங்காயம் சேமித்து வைத்திருந்த பட்டறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அண்ணன் என் கையிலிருந்து மிஷினை வாங்கிக்கொண்டு போனார். கருமாதி முடிந்து மகளும் ஊருக்குப் போன பிறகு, புதுப் பேட்டரியோடு கொண்டுவந்து கொடுத்தார். "மிஷினுக்கு ஒண்ணுமில்லியாம் சாமி. பேட்டரிதான் போச்சாம்" என்றார். நாமக்கல்லில் எத்தனை கடை ஏறி இறங்கினாரோ, நான் கேட்கவில்லை. பழைய பேட்டரியையும் ஒரு துணிப்பையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

அன்றைக்கு மிக்ஸியின் பிளக்கை நான் பிடுங்கினேன். பேட்டரியைச் சார்ஜரில் எந்தப் பக்கம் செருகுவது என்று கூட எனக்குத் தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துச் செருகினேன். விளக்கு எரியும்வரை சமையலறையில் நின்றேன். ஓட்டு இடுக்கிலிருந்து ஒரு கம்பளிப்பூச்சி சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் கயிறு பிடிக்க வந்தார். சமையலறையை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி, கொப்பில் கயிறு கட்டி, மறுமுனையை அவரிடம் வீசினேன். மிஷினைக் கொப்பில் வைத்தேன். வாய் தன் பாட்டுக்குக் கேட்டுவிட்டது.

"புடிச்சுட்டியா புள்ள?"

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அண்ணன், எனக்காகவா, அவளுக்காகவா தெரியவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். கயிறு மட்டும் மெல்ல இறுகியது. மிஷின் சத்தமில்லாமல் என் கையில் இருந்தது. நல்ல காதைக் கீழே திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்தப் பதில் வராமல் நான் ஒருநாளும் அறுத்ததில்லை. அன்று அறுத்தேன்.